டிக்கிக்குள் ஒரு குடம்

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டு டீக்கடை பெஞ்சில் சாயங்காலம் கால்மணி நேரம் உட்காருங்கள். கட்டாயம் ஒரு கார் உங்களைக் கடந்துபோகும். முதலில் கையிலிருக்கிற கிளாஸ் அதிரும். அப்புறம் அந்தக் காரின் நம்பர் பிளேட் கடகடக்கும். அப்புறம் டிக்கி மூடி. கார் கொஞ்சம் தள்ளிப் போனபிறகுதான் என்ன பாட்டு என்றே தெரியும். சில நாள் அதுவும் தெரியாது. வண்டியை ஓட்டுகிற பையன் இறங்கி வந்து "பேஸ் எப்படிண்ணே?" என்று கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான். தம்பி, நீ போட்டிருக்கிறது பேஸ் இல்லை, தகரம்.

இப்படிச் சொன்னதும் எனக்குக் கை கொடுக்க ஒரு கூட்டம் ஓடி வரும். "கரெக்டா சொன்னீங்க, ஒரே இரைச்சல், ரசனை கெட்ட பயலுவ" என்பார்கள். நம்மைப் போல நாலு புஸ்தகம் படித்தவர்கள்தான். ஹெட்போனில் பியானோ கேட்பார்கள். பேஸ் என்றாலே அவர்களுக்குக் கொஞ்சம் இளப்பம். அந்தக் கையை நான் பிடிக்கமாட்டேன். எனக்கு பேஸ் வேணும், நிறைய வேணும். இந்தக் கார்களில் அது கூடிப்போச்சு என்று நான் சண்டைக்கு வரவில்லை. இல்லவே இல்லை என்றுதான் வருகிறேன்.

எங்க ஊருக்குப் பாட்டு வந்த வழியை யோசித்துப் பாருங்கள். கல்யாண வீடோ, கோயில் கொடையோ, கட்சிக் கூட்டமோ, எல்லாத்துக்கும் வேப்பமரத்தில் கட்டின குழாய் ஸ்பீக்கர்தான். அது சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் உருப்படியாகச் சொல்லாது. பேஸ் கிட்டாரின் அடிக் கம்பியைச் சும்மா மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். நாலாவது கம்பியே 98-தான். அப்படியென்றால் எங்க அப்பா தலைமுறை இளையராஜா பாட்டை ஆயிரம் தடவை கேட்டும், அதற்குக் கீழே ஒருத்தர் தனியாக இன்னொரு மெட்டைக் கொண்டுபோனது அவர்கள் காதில் நிழலாகத்தான் விழுந்திருக்கும்.

1980-ல் வந்த 'மூடுபனி'யில் ஜேசுதாஸ் பாடின 'என் இனிய பொன் நிலாவே'யை எடுத்துக்கொள்ளுங்கள். குரல் ஒரு பக்கம் போக, பேஸ் கிட்டார் அதுக்கு அடியில் தன் போக்கில் நடக்கும். ராஜாவின் எத்தனையோ பாடல்களில் இந்த வேலையைச் செய்தவர் சசிதரன். ரஹ்மானுக்குப் பல பாடல்களில் கீத் பீட்டர்ஸ். ஊருக்குப் பாடகர் பெயர் தெரியும், நடிகர் பெயர் தெரியும். இவர்களைத் தெரியாது. கேட்டால்தானே தெரிவதற்கு?

இப்போதுதான் ஒரு சப்வூஃபரும் ஆம்ப்ளிஃபயரும் சங்கரன்கோவில் பையனுக்கு எட்டுகிற விலைக்கு வந்திருக்கிறது. நாற்பது வருஷமாகக் கேட்காமல் கிடந்த அந்த ஆளை இனிமேல் கேட்கலாம். அந்த நேரம் பார்த்து அவர்மேல் டிக்கியைப் போட்டு மூடிவிட்டோம். என் கோபம் இதுதான்.

என் கூட்டாளி ஒருத்தன் வாடகைக் கார் ஓட்டுகிறான். சீசனுக்குக் குற்றாலம், மற்ற நாளில் கல்யாண ஓட்டம். சேர்த்துவைத்த காசில் ஒரு கடையில் செட் போட்டான். 1000 வாட்ஸ் என்று எழுதின ஆம்ப், 12 இன்ச் சப்வூஃபர், வாயில் ஓட்டை வைத்த ரெடிமேட் பெட்டி, நீல லைட்டு. பெருமையாகக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினான். நான் மேலே சொன்ன பாட்டைப் போடச் சொன்னேன். கிட்டார் எங்கெங்கோ ஏறி இறங்குகிறது, டிக்கியிலிருந்து வருவதோ எல்லாத்துக்கும் ஒரே 'பும்'.

"எலே, கிட்டார் எங்கல?"

"ஏன், அடி கேக்கலியா?"

"அடி கேக்கு. மெட்டு கேக்கல."

ஏன் என்று வில்லுப்பாட்டு பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். குடத்தின் வாயில் மட்டையால் அடித்தால் உள்ளே இருக்கிற காற்று ஒரு சுருதியில் 'பும்' என்னும். ஓங்கி அடித்தாலும் மெதுவாக அடித்தாலும் அதே சுருதி. அதை முடிவு செய்தது குடத்தின் வயிறும் வாயும். ஓட்டை வைத்த ஸ்பீக்கர் பெட்டியும் ஒரு குடம்தான். பெட்டி வயிறு, போர்ட் வாய். அது எந்தச் சுருதிக்கு அமைந்ததோ அங்கே காற்று தானாகச் சேர்ந்து பாடும். உள்ளே போகிற சப்வூஃபருக்குக் கணக்குப் போட்டுச் செய்தால் அது பெரிய உதவி, போர்ட் பெட்டியே தப்பு என்று நான் சொல்லவரவில்லை. எந்த ஸ்பீக்கர் என்றே பார்க்காமல் மொத்தமாக அடித்துக் குவித்து விற்கிறார்களே, அதுதான் ஒரு சுருதியை மட்டும் முழங்கி மற்றதையெல்லாம் விழுங்கும். வில்லுப்பாட்டில் குடத்துக்குத் தாளம்தான் வேலை, அதுக்கு ஒரு சுருதி போதும், கேட்கவும் அழகு. பேஸ் கிட்டாருக்கு மெட்டு வேலை. மெட்டுப் போடுகிறவனைக் குடத்துக்குள் தள்ளினால் என்ன ஆகும்?

அதைவிடப் பெரிய விஷயம், அடி நிற்பது. நல்ல தவில்காரருக்கு அடிப்பதைப் போலவே அடக்குவதும் வித்தை. ஒரு அடி அடங்குமுன் அடுத்தது விழுந்தால் கணக்குத் தெரியாது, சத்தம்தான் தெரியும். சப்வூஃபரின் கூம்பு கனமான பொருள், கரண்ட் நின்றபிறகும் ஆடப் பார்க்கும். அது எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதற்கு இன்ஜினியர்கள் 'க்யூ' என்று ஒரு எண் வைத்திருக்கிறார்கள். மூடின பெட்டியில் அந்த எண் 0.7 பக்கத்தில் இருந்தால் அடி விழுந்ததும் அடங்கும். 1-ஐத் தாண்டினால் ஒவ்வொரு அடிக்கும் வால் முளைக்கும். பெட்டி தேவைக்குச் சின்னதானால் இந்த எண் ஏறிவிடும், அதனால் மூடினது எல்லாம் நல்லது என்றும் நினைத்துவிடாதீர்கள்.

அந்தக் குடத்தைக் கழட்டினோம். சப்வூஃபரோடு வந்த தாளில் எத்தனை லிட்டர் என்று போட்டிருந்தது. அந்த அளவுக்கு 18 எம்.எம். பிளைவுட்டில் மூடின பெட்டி ஒன்று ஆசாரியிடம் அடிக்கச் சொன்னோம். உள்ளே குறுக்கே ஒரு தாங்குகட்டை, மூலையெல்லாம் காற்றுப் போகாமல் சிலிகான். பேஸ் பூஸ்ட் திருகைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தோம். கெயின் திருகு வால்யூமுக்கு இல்லை, பிளேயரும் ஆம்பும் ஒத்துப்போவதற்கு. ஒலி உடைகிற இடம் வரை ஏற்றி, கொஞ்சம் கீழே இறக்கி விட்டோம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபர், மேலே கதவு ஸ்பீக்கர். எங்க ஊர்ச் சங்கரநாராயணர் மாதிரி பாதி இவர், பாதி அவர், நடுவில் ஒட்டுப் போட்ட இடம் தெரியக்கூடாது. சப்வூஃபரின் ரெண்டு ஒயரையும் மாற்றி மாற்றிப் போட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் எதில் அடி திடமாக வருகிறதோ அதை வைத்துக்கொண்டோம். நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஃபோம், டிக்கி மூடிக்குள் பியூட்டைல் ஷீட். புதுசாக ஸ்பீக்கரோ ஆம்போ வாங்கவில்லை.

"மூடின பெட்டில நெஞ்சில அடிக்காதே?" என்று கேட்பீர்கள். அந்தப் பெட்டி கீழே போகப் போக ஒரு ஆக்டேவுக்கு 12 டெசிபல் இறங்கும், உண்மைதான். ஆனால் 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர், காரைவிட நீளம். அவ்வளவு நீள அலைக்குக் காருக்குள் இருக்கிற காற்று மொத்தமும் ஒன்றாக அமுங்கி விரியும். பெட்டி இழந்ததில் பெரும்பகுதியைக் கார் இப்படித் திருப்பிக் கொடுத்துவிடும். ஹாலில் மெலிந்து கேட்கிற பெட்டி காருக்குள் நெஞ்சில் நிற்கும்.

அந்த 1000 வாட்ஸ் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆம்பின் ஃபியூஸைப் பார்த்தேன், 25 ஆம்பியர். வண்டி ஓடும்போது சுமார் 14 வோல்ட். பெருக்கினால் 350 வாட்ஸ். உள்ளே 350-க்கு மேல் தொடர்ந்து போக வழியில்லை, வெளியே 1000 எப்படி வரும்? சூடாக வீணாவது போக 200 பக்கம் வந்தால் சந்தோஷம். அந்த 200-ஏ ஒரு காருக்குத் தாராளம். வாட்ஸை ரெண்டு மடங்கு ஆக்கினால் 3 டெசிபல்தான் கூடும். அட்டையில் எழுதின நம்பரை நம்பிக் காசு கொடுத்தவனை ஏமாற்றினது எவன் என்று கேட்காமல், அவன் ரசனையைக் கேலி பண்ணிக்கொண்டிருக்கிறோம்.

சத்தத்துக்குச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2000-ஆம் வருஷ ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், ராத்திரிக்கு 45. ஆனால் அதை அளப்பது 'ஏ' அளவுகோலில். அந்த அளவுகோல் 50 ஹெர்ட்ஸ் ஒலியைச் சுமார் 30 டெசிபல் குறைத்துத்தான் கணக்கில் எடுக்கும். சுவரைத் தாண்டி வருவதோ முக்கியமாக அந்த ஒலிதான். பக்கத்து வீட்டில் தொட்டில் பிள்ளை முழித்து அழும், மீட்டர் பெரிசாக ஒன்றும் சொல்லாது. ஆக, இது போலீஸ் வந்து சரிபண்ணுகிற காரியம் இல்லை, திருகு நம்ம கையில்தான் இருக்கிறது.

கடைசியாக ஒரு வாதம் இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். "ஒண்ணுமில்லாதவனுக்குச் சத்தம்தான் மேடை. ஊர் அவனைத் திரும்பிப் பார்ப்பது அந்த ஒரு நிமிஷம்தான். அதையும் பிடுங்காதே." பிடுங்கவில்லை. ஆனால் இதைச் சொல்கிறவர், இரைச்சல்தான் அவனுக்கு ஆகும், அதுக்குமேல் அவனுக்குப் புரியாது என்றும் சேர்த்தே முடிவுகட்டிவிடுகிறார். கேலி பண்ணுகிறவருக்கும் பரிந்து பேசுகிறவருக்கும் இந்த இடத்தில் வித்தியாசம் இல்லை.

பெட்டியை மாட்டின ராத்திரி, கழுகுமலை ரோட்டில் வீடுகள் முடிகிற இடத்தில் வண்டியை ஓரங்கட்டினோம். பத்தாம் கிளாஸைத் தாண்டாத என் கூட்டாளி அதே பாட்டைப் போட்டான். முதல் சரணம் வரை பேசவில்லை. அப்புறம் சொன்னான்:

"எலே, கீழ ஒருத்தன் தனியா பாடுதாம்ல."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனாகவே கண்ணாடியை ஏற்றினான், வால்யூமை ரெண்டு புள்ளி குறைத்தான். பாட்டு முடிந்ததும் முதலிலிருந்து திரும்பப் போட்டான்.