பூக்கன்றுதானே என்று கொண்டுவந்து கோவாப் பாத்தியில் வைக்காதீர்கள்

இரண்டு நாளாக எங்கள் அலொட்மென்ற் வட்ஸ்அப் குழுவில் என் தலைதான் உருளுகிறது. ஒரு தம்பி எங்கேயோ சந்தையில் வோல்ஃபிளவர் கன்று பத்துக் கட்டு மலிவாக வாங்கிவந்து, "வேண்டியவை வந்து எடுங்கோ" என்று படம் போட்டார். வேரில் மண் ஒட்டியபடி, பத்திரிகைத் தாளில் சுற்றிய கன்றுகள். "ஒருவரும் அதைக் காய்கறிப் பாத்திப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்" என்று நான் எழுதினேன். உடனே வந்தன பதில்கள். "மாஸ்டருக்குப் பூ பிடிக்காதாம்." "பூக்கன்றுக்கும் தடையோ?" "பென்சன் எடுத்தும் பிரம்பை வைக்கேல்லை."

பிரம்பை வைக்கவில்லைத்தான். ஆனால் ஒரு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இது இல்லை. அதனால் இங்கே நீட்டி எழுதுகிறேன். பொறுமை உள்ளவர்கள் வாசியுங்கள்.

எனக்குப் பூ பிடிக்காது என்று சொன்னவர் வருகிற ஏப்ரலில் என் வீட்டு முன்வாசலுக்கு வந்து நிற்கட்டும். லண்டனில் குளிர் இன்னும் முழுதாகப் போயிராத அந்த நேரத்தில், மற்ற ஆட்களின் ரோசா வெறும் முள்ளுத் தடியாக நிற்கும்போது, இந்தச் செடி கருஞ்சிவப்பும் செம்மஞ்சளுமாகப் பூத்துக் குலுங்கும். வாசம் தெருவரைக்கும் போகும். தபால்காரர் நின்று மணந்துவிட்டுப் போவார். பசியோடு வெளியே வருகிற முதல் தேனீக்களுக்கு அது சாப்பாடு. இதைவிட நல்ல இளவேனில் பூ எனக்குத் தெரியாது. என் சண்டை பூவோடு இல்லை. அது யார் வீட்டுப் பிள்ளை என்று கேளாமல் தோட்டத்துக்குள் விடுகிற பழக்கத்தோடுதான்.

யாழ்ப்பாணத்தில் முப்பத்தொரு வருடம் தாவரவியல் படிப்பித்தவன் நான். என்னிடம் படித்தவர்களில் பலர் இதை வாசிக்கிறீர்கள். கடுகம்பூவை வெட்டிப் படம் கீறியது ஞாபகம் இருக்கிறதா? சிலுவை மாதிரி நான்கு இதழ், ஆறு மகரந்தக் கேசரம், அதில் நான்கு நெட்டை, இரண்டு குட்டை. இப்போது வோல்ஃபிளவரின் ஒரு பூவைப் பிய்த்துப் பாருங்கள். அதே நான்கு இதழ், அதே ஆறு கேசரம், அதே நான்கும் இரண்டும். பூ உதிர்ந்த பிறகு வருகிற நீண்ட காயைப் பாருங்கள், கடுகுக் காயின் கூடப்பிறந்தது. பழைய புத்தகங்களில் செய்ராந்தஸ் செய்ரி என்று இருக்கும், இப்போது எரிசிமம் செய்ரி என்கிறார்கள். பெயர் மாறினாலும் குடும்பம் மாறவில்லை. கோவா, நோக்கோல், முள்ளங்கி, கடுகு, பூக்கோவா எல்லாம் இதன் சொந்தக்காரர். (சொந்தம் என்றதும் கீரை சுண்டலாம் என்று ஒருவரும் கிளம்பவேண்டாம். வோல்ஃபிளவரில் இதயத்தைத் தாக்குகிற நச்சு உண்டு.)

ஒரே குடும்பம் என்றால் நோயும் ஒன்றுதான். கோவாக் குடும்பத்தின் பெரிய சாபம் கிளப்றூட் என்கிற வேர்வீக்க நோய். வேர் கரணை கரணையாக வீங்கி, இஞ்சிக் கிழங்கு மாதிரி ஆகிவிடும். செடி மத்தியானத்தில் வாடும், இரவில் நிமிரும், பிறகு நிமிராது. இது பூஞ்சணமும் இல்லை, புழுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி உயிர். ரஷ்யாவில் கோவாத் தோட்டங்கள் அழிந்தபோது வொறோனின் என்ற அறிஞர் இதைத் துருவிப் பார்த்து 1878இல் எழுதி வைத்தார். அதற்குப் பிறகு இத்தனை காலம் போயும், இந்த நாட்டில் வீட்டுத் தோட்டக்காரன் கடையில் வாங்கித் தெளிக்க ஒரு மருந்தும் இல்லை. அதன் வித்திகள் மண்ணுக்குள் 20 வருடம்வரை உயிரோடு கிடக்கும்.

இருபது வருடம். எனக்கு இப்போது எழுபத்திமூன்று. நீங்களே கணக்குப் பாருங்கள்.

எங்கள் அலொட்மென்றில் எனக்கு மூன்று துண்டு தள்ளி ஓர் அம்மா தோட்டம் செய்கிறார். அவருடைய நோக்கோலைச் சாப்பிடாத தமிழ் வீடு எங்கள் பகுதியில் குறைவு. ஆறு வருடத்துக்கு முன் ஒரு கடையில் இதே மாதிரிக் கட்டுக் கன்று வாங்கி, பாத்தி ஓரத்தில் அழகுக்காக வைத்தார். பூத்தது, எல்லாரும் படம் எடுத்தோம். பிடுங்கும்போது வேர் கரணை பிடித்திருந்தது. அடுத்த வருடம் அந்தப் பாத்தியில் வைத்த நோக்கோல் ஒன்றும் தேறவில்லை. இப்போது அவர் துண்டில் பாதியில் வெங்காயமும் போஞ்சியும் உருளைக்கிழங்கும்தான். வேறு வழியாலும் வந்திருக்கலாம், நான் நீதிமன்றத்தில் சத்தியம் பண்ணவில்லை. ஆனால் முதல் கரணையை அவர் கண்டது அந்த வோல்ஃபிளவர் வேரில்தான்.

"கடையில் விற்கிற கன்றெல்லாம் நோயா?" என்று கேட்டார் ஒரு தங்கச்சி. இல்லை. சுத்தமான கலவையில், தனித்தனிச் சாடியில் வளர்த்துத் தருகிற நல்ல நாற்றுக்காரர் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தக் கன்றில் ஆபத்து மிகக் குறைவு. நான் பயப்படுவது வயலில் வளர்த்து, பிடுங்கி, மண்ணோடு கட்டித் தருகிற கன்றுக்கு. அந்த வயலில் போன வருடம் என்ன நின்றது, அதற்கு முதல் வருடம் என்ன நின்றது என்று யாருக்குத் தெரியும்? ஒரு கரண்டி மண் போதும்.

"அதிலே பிளான்ற் பாஸ்போர்ட் ஒட்டியிருக்கு மாஸ்டர்" என்றார் இன்னொருவர். பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்ப்பதில் எங்கள் சனத்தைப் போல் பழக்கப்பட்டவர்கள் உலகத்தில் இல்லை, ஆகவே இதையும் வாசித்துப் பார்ப்போம். ஏ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் தாவரவியல் பெயர், பி வளர்த்தவரின் பதிவு எண், சி தொகுதிக் குறி, டி எந்த நாடு. முடிந்தது. அந்தக் காகிதம் நாட்டுக்குள் வரக்கூடாத, சட்டத்தில் பெயர் குறித்த பூச்சி நோய்களுக்கானது. கிளப்றூட் ஏற்கெனவே இந்த நாடு முழுக்கப் பரவிக் கிடக்கிற நோய், அதைப் பற்றி அந்தக் காகிதத்துக்குக் கவலை இல்லை.

விற்கிறவர்களிடம் எனக்குக் கோபம் உண்டு. லேபலில் பூவின் படம் போடுகிறார்கள், உயரம் போடுகிறார்கள், வெயில் படம் போடுகிறார்கள். "இது கோவாக் குடும்பம், கோவா நடும் இடத்தில் வைக்க வேண்டாம்" என்று ஒரு வரி போட என்ன செலவு? கடலைப் பொட்டலத்தில் கடலை இருக்கிறது என்று அச்சடிக்கிற நாடு இது. பூக்கன்றுக்கு மட்டும் ஏன் முடியாது? அடுத்த முறை கடைக்குப் போனால் கவுண்டரில் நிற்கிற பிள்ளையிடம் இதைக் கேளுங்கள். நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், என்னைக் கண்டால் இப்போது உள்ளே போய்விடுகிறார்கள்.

இன்னொரு கூத்து, பயிர் மாற்றம். "மூன்று வருடம் இந்தப் பாத்தியில் கோவா வைக்கவில்லை, ஓய்வு விட்டிருக்கிறேன்" என்று பெருமையாகக் காட்டுவார்கள். பார்த்தால் அங்கே வோல்ஃபிளவர் பூத்து நிற்கும்! நோய்க்கிருமிக்குக் கோவா என்ன, வோல்ஃபிளவர் என்ன? விருந்து நடக்கிற வீட்டுக்கு ஓய்வு என்று பெயர் வைத்தால் ஆயிற்றா?

குழியில் ஒரு துண்டு றூபார்ப் தண்டு போட்டால் நோய் வராது என்று யூடியூப்பைக் காட்டி வாதாடுகிறவர்களுக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. றூபார்ப்பைச் சீனி போட்டுக் காய்ச்சிச் சாப்பிடுங்கள். நோய்ச் செடியைப் பிடுங்கிக் குப்பைப் பசளைக் கும்பியில் போடுகிறவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, எழுதினால் முகப்புத்தகம் என்னைத் தடைசெய்யும். வீட்டுக் கும்பியின் சூட்டில் அந்த வித்தி சாகாது. அடுத்த வருடம் துண்டு முழுக்க நீங்களே தூவுவீர்கள்.

சரி, வோல்ஃபிளவர் வேண்டும் என்றால் என்ன செய்வது? விதையுங்கள். ஒரு பக்கற் விதையில் முன்வாசல் நிறையும். பிளட் றெட், ஃபயர் கிங், குளொத் ஒஃப் கோல்ட் என்று எத்தனையோ பழைய ரகம் இருக்கிறது. மே கடைசி முதல் ஜூன் முடிவுக்குள், புதிய கலவை போட்ட தட்டில் அரை அங்குலத்துக்கும் குறைந்த ஆழத்தில் போடுங்கள். இரண்டு கிழமைக்குள் முளைத்துவிடும். கடுகுக் கீரையைத் துளைக்கிற அதே சின்னத் தெள்ளு வண்டு இதையும் துளைக்கும் (சொந்தம் என்று சொன்னேனே), மெல்லிய வலையால் மூடுங்கள். பிறகு தனிச் சாடிக்கு மாற்றி, ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். எங்கள் ஊரில் செவ்வந்தியைக் கிள்ளுவோமே, அதே வேலைதான். கிள்ளாத கன்று ஒற்றைத் தடியாக நிற்கும், கிள்ளினால் புதராகும்.

செப்டம்பர் கடைசியில் அல்லது அக்டோபரில், குளிர் இறுக முன், வெயில் படுகிற இடத்தில் ஓர் அடி இடைவெளி விட்டு நட்டு, காலால் இறுக்கி மிதியுங்கள். பசளை அள்ளிக் கொட்டாதீர்கள். எங்கள் ஆட்களுக்கு எதைக் கண்டாலும் கோழி எருப் போடவேண்டும். கொழுத்து வளர்ந்த தளிர் முதல் உறைபனியில் கருகிவிடும். இந்தச் செடி சொந்தமாக வளர்ந்த இடம் எது? ஐரோப்பாவின் பழைய கோட்டைச் சுவர், இடிந்த மடாலயச் சுவர். அதனால்தான் அந்தப் பெயர். அந்தச் சுவர்களைக் கட்டியது சுண்ணாம்புச் சாந்தால். தண்ணீர் நிற்காது, சத்து இல்லை, சுண்ணாம்பு உண்டு. கிளப்றூட் விரும்புவது இதற்கு நேர் எதிர், ஈரம் தேங்கிய புளித்த மண். லண்டன் களிமண்ணில் தண்ணீர் நின்றால் நோய்க்குக் கொண்டாட்டம். ஆகவே நடும் இடத்தில் கொஞ்சம் பருமணல் கலந்து உயர்த்துங்கள். மண்ணைச் சோதித்துப் பார்த்து, புளிப்பென்றால் தோட்டச் சுண்ணாம்புத் தூள் போடுங்கள், பி.எச். அளவு 7க்குச் சற்று மேலே நிற்கட்டும். சுண்ணாம்பையும் எருவையும் ஒரே நாளில் போடவேண்டாம், நைதரசன் அமோனியாவாகப் பறந்துவிடும். ஏற்கெனவே நோய் வந்த மண்ணைச் சுண்ணாம்பு சுத்தமாக்காது, அடக்கி வைக்கும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட மண் உள்ளவர்கள் கிலாட்டன், கிலாக்சி என்ற நோய் தாங்கும் கோவா ரகங்களைப் பாருங்கள். நோக்கோல் ஆசையைச் சாடியில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

வருடா வருடம் விதைக்கப் பஞ்சி என்றால் போல்ஸஸ் மோவ் என்று ஊதா நிறத்தில் ஒன்று இருக்கிறது, சில வருடம் நிற்கும், வருடத்தில் பெரும்பகுதி பூக்கும். விதை வைக்காது. ஆடி ஆவணியில் பூக்காத கிளையை நாலு விரல் நீளத்தில் வெட்டி நட்டால் வேர்விடும். அந்தப் போல்ஸ் என்பவர் என்ஃபீல்டில் மிடில்டன் ஹவுஸ் தோட்டத்தை உண்டாக்கினவர், 1954இல் காலமானார். என்ஃபீல்டில் இருக்கிற எங்கள் ஆட்கள் எத்தனை பேர் அந்தத் தோட்டத்தைப் போய்ப் பார்த்திருக்கிறீர்கள்? அதுவும் ஒரு கேள்வி.

கட்டுக் கன்று வாங்கிவந்த தம்பிக்கு: உம்மில் எனக்கு ஒரு கோபமும் இல்லை, எல்லாருக்கும் கொடுக்க நினைத்த மனசு நல்ல மனசு. அந்தக் கன்றுகளை வீட்டு முன்வாசலில் சாடியில் வையும், அலொட்மென்றுக்குள் வேண்டாம். ஏற்கெனவே எடுத்துப்போன நான்கு பேரும் அப்படியே செய்யுங்கள். நட்டவர்கள் சுற்றியுள்ள மண்ணோடு கிண்டி எடுங்கள், சப்பாத்தையும் மண்வெட்டியையும் கழுவிவிட்டு அடுத்த துண்டுக்குப் போங்கள்.

ஜூனில் நான் விதைத்த கன்றில் நாற்பது மிச்சம் இருக்கிறது, எல்லாம் சாடியில் வளர்ந்தவை. சனிக்கிழமை பத்து மணிக்குப் பிறகு வந்தால் ஆளுக்கு ஐந்து தருவேன், காசு வேண்டாம். மாஸ்டர் தந்தது என்று நம்பி எடுத்துக்கொண்டு போகவும் வேண்டாம். சாடியைக் கவிழ்த்துத் தட்டி, வேரைப் பார்த்துவிட்டு எடுங்கள்.