கை எட்டாத இடங்கள்

இந்தப் படகைக் கட்டியவர்கள், பிற்காலத்தில் ஒருவன் இதன் வயிற்றுக்குள் கைவிட்டுப் பார்க்க வேண்டிவரும் என்று ஒரு நிமிடமாவது நினைத்திருப்பார்களா? மலேசியாவின் லங்காவித் தீவில் படகைக் கரையேற்றி முட்டுக்கொடுத்து நிறுத்திய நாளிலிருந்து எனக்கு இதே கேள்விதான். இங்கிருந்து அந்தமான் கடலைத் தாண்டித் திருகோணமலைக்கு ஏறத்தாழ 1,100 கடல்மைல். மணிக்கு ஐந்து கடல்மைல் வேகத்தில் போனால் ஒன்பது, பத்து நாள் ஆகும். வடகிழக்குப் பருவக்காற்று சீராக வீசும் ஜனவரி, பிப்ரவரிக்குள் கிளம்பியாக வேண்டும். அதற்குமுன் பார்த்து முடிக்கவேண்டியவற்றில் பாதி, பலகைக்கும் பசைக்கும் பின்னால் புதைந்து கிடக்கிறது.

பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள், செயின் பிளேட் என்ற எஃகுத் தகட்டில் மாட்டியிருக்கின்றன. அந்தத் தகடு தளத்தைத் துளைத்துக் கீழே இறங்கி, கேபினுக்குள் போல்ட் போட்டு முறுக்கப்பட்டிருக்கிறது. துருப்பிடிக்காத எஃகு என்கிறோம். அது துருப்பிடிக்காமல் இருக்கக் காற்றுப் படவேண்டும். தளத்தைத் துளைக்கும் இடத்தில் பூசிய பசை விரிசல் விட்டு உப்புநீர் தேங்கினால், காற்றுப் புகாத அந்த இடுக்கில் அரிப்பு தொடங்கிவிடும். மேலே தகடு பளபளப்பாகவே இருக்கும், உள்ளே வெடிப்பு ஓடியிருக்கும். நடுக்கடலில் அது அறுந்தால் பாய்மரமே சாய்ந்துவிடும். இவ்வளவு முக்கியமான தகட்டுக்கு முன்னால் ஒரு தேக்கு அலமாரியை ஒட்டி வைத்திருக்கிறார்கள். கழற்ற ஒரு திருகாணி கிடையாது, எல்லாம் பசை. அறுத்தால்தான் போல்ட்டைப் பார்க்க முடியும். தச்சர் ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இவ்வளவு அழகான வேலைய ஏண்ணே அறுக்கச் சொல்றீங்க?" என்று வருத்தப்படுகிறார். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. அந்த அழகு எனக்கு வேண்டாம்.

அடுத்தது வால்வுகள். கழிப்பறைக்கும் எஞ்சினைக் குளிர்விப்பதற்கும் படகின் அடியில் துளைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு, அதில் ஒரு ஹோஸ். நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே உள்ள 40 மி.மீ. துளையில் ஹோஸ் கழன்றால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 லிட்டர் கடல் உள்ளே வரும். அந்த நேரத்தில் ஓடிப்போய் மூட வேண்டியது இந்த வால்வைத்தான். பலரும் போடுவது பித்தளை வால்வு. உப்புநீரில் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்துபோய், மிஞ்சுவது இளஞ்சிவப்பு நிறத்தில் உதிரும் செம்பு. தட்டினால் உடைந்துவிடும். 1994ஆம் ஆண்டின் சர்வதேசத் தரவிதி, இந்தப் பொருத்துகள் ஐந்து ஆண்டு அரிப்பைத் தாங்கினாலே போதும் என்று வரையறுத்தது. படகோ முப்பது, நாற்பது ஆண்டு மிதக்கிறது! வெண்கல வால்வு கொஞ்சம் விலை அதிகம், அவ்வளவுதானே? அந்தக் காசை மிச்சம் பிடித்தவர்கள் முன்கேபினில் பஞ்சு மெத்தைக்குத் தாராளமாகச் செலவழித்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு, எனக்கு முன்னால் ஏசி பொருத்தியவர்கள் கழிப்பறை வால்வின் கைப்பிடிக்குக் குறுக்கே காற்றுக்குழாயைக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது அதைக் கால்வாசிகூடத் திருப்ப முடியாது.

டீசல் தொட்டியும் அப்படித்தான். சுத்தம் செய்ய ஒரு மூடிகூட இல்லை. துறைமுகத்தில் அடியில் படிந்து கிடக்கும் கசடு, அலையில் கலங்கி ஃபில்டரை அடைக்கும். எஞ்சின் அவசியமாகத் தேவைப்படும் வேளையில் நின்றுபோகும்.

இது வீண் பயமில்லை. 2014 மே மாதம், ஆன்டிகுவாவிலிருந்து பிரிட்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த 'சீக்கி ரஃபிகி' என்ற பாய்மரப் படகின் அடியிலுள்ள கனத்த கீல் அட்லாண்டிக் நடுவில் கழன்று, படகு கவிழ்ந்தது. நான்கு பேரும் திரும்பவில்லை. முன்பு பலமுறை தரைதட்டியதாலும், பிறகு செய்த பழுதுவேலைகளாலும் கீல் பொருந்தும் இடம் பலவீனப்பட்டிருக்கலாம் என்றது பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை. அதுபோன்ற படகுகளில் அந்த இடத்தில் உள்சட்டகத்தை வெளிக்கூட்டோடு ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டு விட்டுப்போனாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பார்க்க வருபவர்கள் கேட்பதெல்லாம் "சாட்டிலைட் இன்டர்நெட் போட்டாச்சா? எப்போ கிளம்பறீங்க?" என்பதுதான். இந்தியக் கடற்படையின் தாரிணி பாய்மரப் படகில் உலகைச் சுற்றிவிட்டு, 2025 மே 29ஆம் தேதி கோவா திரும்பினார்கள் கடற்படை அதிகாரிகள் ரூபாவும் தில்னாவும். ரூபா நம் புதுச்சேரிப் பெண். எட்டு மாதக் கடல். அவர்களைப் பற்றிப் பேசும்போதும் எல்லோரும் அலையையும் துணிச்சலையும்தான் சொல்கிறார்கள். புறப்படுமுன் மூன்றாண்டு பயிற்சி எடுத்ததையும், ஃப்ரீமேன்டில், லிட்டில்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் என்று நின்ற இடமெல்லாம் படகைப் பழுதுபார்த்துக்கொண்டதையும் யாரும் கேட்பதில்லை. அந்த வேலை இல்லாமல் எந்தத் துணிச்சலும் கரை சேராது.

படகு வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மெத்தையில் உட்கார்ந்து பார்க்கும் முன், தரைப்பலகையைத் தூக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வால்வையும் உங்கள் கையால் திறந்து மூடிப் பாருங்கள். செயின் பிளேட் போல்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். விற்பவரால் காட்ட முடியவில்லை என்றால் அந்தப் படகை வாங்காதீர்கள். வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கினால்தான் கட்டுபவர்கள் மாறுவார்கள்.