ஓய்வு பதவிக்கு உரியதா?

இந்தியப் பல்கலைக்கழகங்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய சடங்கு வேரூன்றி வருகிறது. ஆய்வு மாணவர்களைக் கருத்தரங்கக் கூடத்தில் அமரவைத்து, நேர மேலாண்மை குறித்தும் மன அழுத்தம் குறித்தும் எவரேனும் ஒருவர் உரையாற்றுகிறார். ஆழ்ந்து மூச்சை இழுத்துவிட வேண்டும், கைப்பேசியைத் தள்ளிவைக்க வேண்டும், எட்டு மணிநேரம் உறங்க வேண்டும், விடுமுறை நாளில் வேலையைத் தொடக் கூடாது என்கிறார். மாணவர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு ஆய்வகத்துக்கோ நூலகத்துக்கோ திரும்பிச் செல்கிறார்கள். அன்றிரவு நெறியாளரிடமிருந்து வழக்கம்போல் குறுஞ்செய்தி வருகிறது. அந்தக் கூடத்தில் எவரும் எழுப்பாத கேள்வி ஒன்று உண்டு. ஓய்வெடுக்கத் தெரியாத காரணத்தால்தான் ஆய்வாளர்கள் ஓய்வின்றி இருக்கிறார்களா? அல்லது ஓய்வெடுக்க இயலாதவாறு அவர்களுடைய வாழ்க்கை அமைக்கப்பட்டிருக்கிறதா?

முதற்கூற்று உண்மையெனில் உரை போதும். இரண்டாவது உண்மையெனில், அந்த உரை ஒரு திசைதிருப்பல். நிறுவனம் தீர்க்க வேண்டிய கணக்கை அது தனிமனிதரின் ஒழுக்கக் குறைபாடாக மாற்றிவிடுகிறது. இரண்டாவதே உண்மை என்பதற்குச் சான்று தேடி எங்கும் போக வேண்டியதில்லை. விதிப் புத்தகத்திலேயே அது இருக்கிறது.

பல்கலைக்கழக மானியக்குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், இணைப் பேராசிரியராகவோ பேராசிரியராகவோ ஏழாண்டுப் பணியை முடித்த நிரந்தர ஆசிரியருக்கு ஆய்வு விடுப்புப் பெற வழிசெய்கின்றன. ஒருமுறைக்கு ஓராண்டு வரை, பணிக்காலம் முழுவதற்கும் ஈராண்டு வரை அவர் வகுப்பறையிலிருந்து விலகிப் படிக்கலாம், எழுதலாம். ஏழாம் நாள் ஓய்வு என்னும் பழைய யூத மரபிலிருந்து பெயர் பெற்ற ஏற்பாடு இது. அறிவுப்பணி செய்பவர் அன்றாடக் கடமைகளிலிருந்து சிலகாலம் விலகியிருந்தால்தான் அப்பணி செழிக்கும் என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. இது பாராட்டத்தக்கது, இதைக் குறைக்க வேண்டும் என்று எவரும் கோரவில்லை.

ஆனால் அதே மானியக்குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கான நெறிமுறைகளைப் புரட்டினால் வேறொரு குரல் கேட்கிறது. பொது விடுமுறைகள் நீங்கலாக ஆண்டுக்கு அதிகபட்சம் 30 நாள் விடுப்பு. அதற்கும் நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. கோடை விடுமுறை, குளிர்கால விடுமுறை, பூசை விடுமுறை எதற்கும் உதவித்தொகை பெறுபவர் உரிமை கோர இயலாது. பேராசிரியரும் மாணவரும் செய்வது ஒரே வகையான வேலை. ஒரே ஆவணக் காப்பகம், ஒரே ஆய்வகம், பல வேளைகளில் ஒரே கட்டுரை. எனினும் ஒருவருக்கு ஓய்வு அறிவுப்பணியின் நிபந்தனை. மற்றவருக்கு அது கெஞ்சிப் பெறும் சலுகை. ஆக, அறிவுப்பணிக்கு ஓய்வு தேவையா என்பதில் இங்கே கருத்து வேறுபாடே இல்லை. அது பதவியைப் பார்த்து வழங்கப்படுகிறது என்பதே சிக்கல்.

அடுத்து பணம். ஓய்வைப் பற்றிய பேச்சில் பணத்தைத் தவிர்ப்பவர் ஓய்வைப் பற்றிப் பேசவில்லை என்றே கொள்ள வேண்டும். 2023 சனவரி முதல் இளநிலை உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000. இரண்டும் சேர்ந்து ஐந்தாண்டு. முனைவர் பட்டத்துக்கு 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் தரும் காலமோ ஆறாண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் ஈராண்டு. ஐந்தாம் ஆண்டோடு பணம் நிற்கிறது, ஆய்வேடு நிற்பதில்லை. எழுத்து உச்சத்தை அடைகிற காலத்தில், எழுதுபவருக்கு வருவாய் இல்லை. இதுவும் தேசியத் தகுதித் தேர்வில் உதவித்தொகை வென்றவர்களின் நிலை. வெல்லாதவர்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் கிடைப்பது மாதம் 8,000 ரூபாய். 2015 அக்டோபரில் அதையும் நிறுத்த முனைந்தபோது, மாணவர்கள் தில்லியில் மானியக்குழு அலுவலகத்தின் முன் திரண்டு போராட வேண்டியிருந்தது.

8,000 ரூபாயில் தில்லியிலோ ஐதராபாத்திலோ ஒருவர் எதை விட்டுக்கொடுத்து எதைப் பெறுகிறார்? மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி, இரவில் பக்கக் கணக்கில் மொழிபெயர்ப்பு, வார இறுதியில் விடைத்தாள் திருத்தம். இவை ஒவ்வொன்றும் நேர்மையான உழைப்பு; எதுவும் இழிவானதன்று. ஆயின் இவ்வுழைப்பு ஆய்வு நேரத்தைத் தின்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஆய்வு நேரத்தை நெறியாளர் கேட்பார், குழு கேட்கும், ஆறு மாத முன்னேற்ற அறிக்கை கேட்கும். கேள்வி கேட்க ஆளில்லாத நேரம் ஓய்வு நேரம் மட்டுமே. ஆகவே எல்லாச் செலவும் அந்தக் கணக்கிலிருந்தே எடுக்கப்படுகிறது. உதவித்தொகை சில மாதங்கள் தாமதமாக வந்தால், அந்தத் தாமதத்துக்கான வட்டியையும் ஆய்வாளரின் உறக்கமே கட்டுகிறது.

ஓய்வு குறைந்தால் ஆய்வாளருக்குத்தானே இழப்பு, ஆய்வுக்கு என்ன என்று கேட்போர் உண்டு. கணிதவியலாளர் ஆன்றி புவான்காரே தம் அனுபவத்தைப் பதிவுசெய்திருக்கிறார். பல நாள் போராடியும் பிடிபடாத ஒரு கணித உறவு, நிலவியல் சுற்றுலா ஒன்றின்போது பேருந்துப் படியில் கால் வைத்த கணத்தில் அவருக்குத் துலங்கியது. 1926இல் கிரகாம் வாலஸ் படைப்புச் சிந்தனையைத் தயாரிப்பு, அடைகாப்பு, துலக்கம், சரிபார்ப்பு என நான்காகப் பகுத்தார். இந்நிகழ்வைச் சோம்பலுக்குச் சான்றாகக் காட்டுவது பிழை. பேருந்துக்கு முன் பல நாள் உழைப்பு இருந்தது. பின்பு சரிபார்ப்பும் இருந்தது. அதே அளவு பிழை, அடைகாப்பை நீக்கிவிட்டு மற்ற மூன்றை மட்டும் கேட்பது. அடைகாக்கும் கோழியை மணிக்கொருமுறை எழுப்பி முட்டையை எண்ணிப் பார்ப்பவர் குஞ்சு பொரிக்கவில்லையே என்று கோழியைக் குறை சொல்லலாகாது. முன்னேற்ற அறிக்கைப் பண்பாடு செய்வது அதைத்தான்.

விளைவு எங்கும் கண்கூடு. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 ஒழுங்குமுறைகள் நீக்கின. வேலைச் சந்தை நீக்கவில்லை. பணி நேர்காணலில் கட்டுரைகளின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் இருக்கும்வரை, ஒரே கருத்து மூன்று கட்டுரைகளாக வெட்டப்படும். பணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் போலி ஆய்விதழ்கள் கொழிக்கும். நேரமில்லாதவர் நல்ல கட்டுரையை எழுத இயலாது. ஆனால் கட்டுரை ஒன்றை எழுத இயலும். இந்தியக் கல்விப்புலத்தின் தரம் குறித்துக் கவலைப்படுவோர் முதலில் இந்த வேறுபாட்டைக் குறித்துக் கவலைப்பட வேண்டும்.

மறுப்புகள் உண்டு. முதலாவது, மேதைகள் ஓய்வு கேட்டார்களா என்பது. சி. வி. இராமன் பெயர் உடனே எடுக்கப்படும். 1907 முதல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாக இருந்துகொண்டே, அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு செய்தார் என்பது உண்மை. அதன் அடுத்த பக்கத்தை எவரும் சொல்வதில்லை. 1917இல் அவர் அந்த உயர் பதவியைத் துறந்து, அதைவிடக் குறைந்த சம்பளத்துக்குப் பாலித் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார். இரட்டை வாழ்க்கை போதும், அறிவியலுக்கு முழு நேரம் வேண்டும் என்பதே அம்முடிவின் பொருள். பணத்தைக் கொடுத்து நேரத்தை வாங்கினார். அவரால் அது முடிந்தது, கையில் கொடுப்பதற்குப் பணம் இருந்தது. 8,000 ரூபாய் பெறுபவர் எதைக் கொடுத்து நேரத்தை வாங்குவார்?

இராமானுசனின் வரலாறு இன்னும் தெளிவானது. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் ஏதும் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை ஈராண்டுக்கு வழங்கியது. அலுவலக வேலை நின்றது. கேட்கப்பட்டது மூன்று மாதத்துக்கு ஓர் அறிக்கை. எழுத்தர் சம்பளத்தைப்போல் இரண்டரை மடங்கு தொகையைக் கொடுத்து, கணிதம் தவிர வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை என்று ஒரு நிறுவனம் கூறியது. காலனிய ஆட்சிக்குட்பட்ட ஒரு பல்கலைக்கழகத்துக்கு நூறாண்டுக்கு முன்பே விளங்கிய உண்மை, விடுதலை பெற்ற நாட்டின் நிறுவனங்களுக்கு விளங்காமல் போனது ஏன்?

இரண்டாவது மறுப்பு, நாட்டுப்பற்றின் பெயரால் வருகிறது. 2023 அக்டோபரில் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணிநேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 சனவரியில் எல் அண்ட் டி தலைவர் 90 மணிநேரம் என்று ஏலத்தை உயர்த்தினார். மக்கள் வரிப்பணத்தில் படிப்பவர் ஓய்வு கேட்கலாமா என்னும் குரல் இதன் பல்கலைக்கழகப் பதிப்பு. வரிப்பணத்துக்குக் கணக்குக் கேட்பது முற்றிலும் நியாயம். கேட்க வேண்டிய கணக்கு எது என்பதில்தான் பிழை. எத்தனை மணிநேரம் ஆய்வகத்தில் இருந்தார் என்பது கண்காணிப்பாளர் கேட்கும் கணக்கு. என்ன கண்டறிந்தார், அது நிலைத்து நிற்குமா என்பதே மக்கள் கேட்க வேண்டிய கணக்கு. களைத்த கையால் தவறிய ஒரு சோதனை, களைத்த கண்ணால் விடுபட்ட ஓர் ஆவணம், இவையும் வரிப்பண விரயமே.

மூன்றாவது மறுப்பே மதிக்கத்தக்கது. கட்டடத் தொழிலாளிக்கு இல்லாத ஓய்வு, நிழலில் அமர்ந்து எழுதுபவருக்கு ஏன்? தொழிலாளர் இயக்கமே இதற்கு விடை தந்திருக்கிறது. 1923 மே முதல் நாளில் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடியபோது, ஒருவருடைய ஓய்வைப் பறித்து மற்றவருக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. உழைப்புக்கு எல்லை உண்டு என்பது அனைவருக்குமான கோரிக்கை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணிநேரம் என்றும் வார விடுமுறை கட்டாயம் என்றும் வரையறுத்தது. ஆய்வாளரோ சட்டத்தின் கண்ணில் தொழிலாளியும் அல்லர், ஊழியரும் அல்லர், மாணவர். வேலை வாங்கும்போது ஊழியர், விடுப்புக் கேட்கும்போது மாணவர். இந்த இரட்டை வேடத்தைக் களைவது கட்டடத் தொழிலாளிக்கு எதிரான செயலன்று. அமைப்புசாராத் தொழிலாளி எழுப்பும் அதே கோரிக்கையின் இன்னொரு வடிவம்.

இதில் இன்னொரு மெய்யும் மறைந்திருக்கிறது. ஓய்வு எல்லா ஆய்வாளருக்கும் ஒரே அளவில் குறைந்திருக்கவில்லை. பெண்களுக்கு முனைவர் பட்டக் காலத்தில் மேலும் ஈராண்டு தரப்படுவது, வீடு அவர்களுடைய காலத்தை எடுத்துக்கொள்கிறது என்பதற்கு அரசு தரும் ஒப்புதல் வாக்குமூலம். கூடுதல் ஆண்டு கிடைக்கிறது, வீட்டுவேலை குறைவதில்லை. முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர், உதவித்தொகையில் ஒரு பகுதியை ஊருக்கு அனுப்புகிறார். ஊரில் நிலமும் வீடும் உள்ளவர் ஓராண்டு எழுதாமல் சிந்தித்தால் அது ஆழம். தலித் மாணவர் ஓராண்டு எழுதாமல் இருந்தால் அது தகுதியின்மை என்று பெயர் பெறுகிறது. தகுதி என்று இங்கே போற்றப்படுவதில் ஒரு பங்கு, தலைமுறைகளாகச் சேமித்துவைக்கப்பட்ட ஓய்வே.

ஆய்வாளர் சமூகத்துக்கும் இதில் பங்கு உண்டு. மூன்று நாள் உறங்கவில்லை என்பதை விருதுபோல் அணிந்துகொள்ளும் பழக்கம் விடுதிகளில் இருக்கிறது. விடுமுறையில் ஊருக்குப் போன நண்பரைப் பற்றி ஒரு கேலிப் புன்னகை இருக்கிறது. சும்மா இருத்தலைப் பேரின்ப நிலையாகப் பாடிய மொழியில், ‘சும்மா இருக்கிறாயா’ என்பது இன்று வசைச்சொல். பணி ஓய்வு, ஓய்வூதியம் என்று ஓய்வை வாழ்வின் கடைசிப் பகுதிக்கு ஒத்திவைத்த சொல்வழக்கும் அம்மனநிலையின் தடமே. தன் களைப்பைப் பெருமையாக்கிக்கொள்பவர், அடுத்து வருபவரின் களைப்பை நிபந்தனையாக்குகிறார்.

படைப்புப் பணியில் விட்டுக்கொடுத்தல்கள் தவிர்க்க முடியாதவை. கருத்தரங்குக்குச் செல்வதா, அத்தியாயத்தை முடிப்பதா. ஐந்து அத்தியாயமா, நான்கை நன்றாக எழுதுவதா. இவ்வகைத் தெரிவுகள் ஆய்வாளருக்கு உரியவை. அவற்றை எவரும் அவருக்காகச் செய்ய இயலாது, செய்யவும் கூடாது. ஆனால் உறங்குவதா, வாடகை கட்டுவதா என்பது படைப்பாளியின் தெரிவன்று. அது நிறுவனத்தின் தோல்வி, தெரிவு என்னும் வேடத்தில் வருகிறது.

எனவே கோரிக்கைகள் எளியவை. உதவித்தொகை மாதந்தோறும் குறித்த நாளில் வர வேண்டும். ஆய்வேட்டுக்கு விதி தரும் காலம் முழுவதும் அது தொடர வேண்டும். 8,000 ரூபாய் என்னும் அவமானம் முடிவுக்கு வர வேண்டும். 30 நாள் விடுப்பு, ஒப்புதலுக்குக் காத்திருக்கும் விண்ணப்பமாக இல்லாமல் உரிமையாக வேண்டும். அதை எடுக்காத மாணவர்கள் மிகுந்த துறையிடம் விளக்கம் கேட்கப்பட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அறியாத செல் வளர்ப்புகளும் சோதனை விலங்குகளும் உள்ள ஆய்வகங்களில் முறைவைத்துப் பணி பகிரப்பட வேண்டும். அது ஒரே மாணவரின் தலையில் விழலாகாது. ஆய்வேட்டின் முழு வரைவை ஒப்படைத்தபின் ஒரு மாதம், எந்தப் பணியும் சுமத்தப்படாத காலமாக விதியிலேயே எழுதப்பட வேண்டும்.

இவற்றில் எதற்கும் மூச்சுப் பயிற்சி வல்லுநர் தேவையில்லை. ஓர் ஆணையும் ஒரு நிதி ஒதுக்கீடும் போதும். ஏர் உழும் காளைக்கும் மாட்டுப் பொங்கலன்று நுகத்தடி இறக்கப்படுகிறது. அதற்காகக் காளையை உட்காரவைத்து, ஓய்வெடுப்பது எப்படி என்று எந்த உழவரும் உரையாற்றியதில்லை.