கோடு போட்டவரே ரோடும் போட்டார்!



"நீ கோடு போட்டா நான் ரோடு போடுவேன்" என்று நம்ம ஊரில் ஒரு பேச்சு உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோடு போடுகிறவன் வேறு, ரோடு போடுகிறவன் வேறு என்று நாமே ஒரு முடிவுக்கு வந்துவிட்டோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். படம் வரைகிறவன் கலைஞன்; அவனுக்குக் கணக்கு வராது, மெஷின் வராது. மெஷினில் நிற்கிறவனுக்குக் கலை வராது. இப்படி இரண்டு கட்சி. இது சுத்தப் பொய் என்பது என் கட்சி. அதற்குச் சாட்சியாக ஒரு வெள்ளைக்காரரை அழைத்து வருகிறேன். அதற்கு முன்னால் என் சொந்தக் கதை கொஞ்சம்.

போன வருஷம் கல்லூரி நாள் விழாவுக்கு எங்கள் மெக்கானிக்கல் பிரிவு சார்பில் பொம்மைத் தலைகள் செய்தோம். அரசியல் தலைவர்கள் கிடையாது. அந்த வம்பே வேண்டாம் என்று விட்டுவிட்டோம். மெஸ் மாஸ்டர், லைப்ரரி அண்ணன், லேத் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் எங்கள் இன்ஸ்ட்ரக்டர் சார் என்று மொத்தம் ஐந்து தலை. ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் வரைந்த கார்ட்டூன்களைப் பார்த்துக் களிமண்ணில் உருவம் பிடித்தோம். அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி மோல்ட் எடுத்தோம். உள்ளே காகிதக் கூழை அப்பிக் காய வைத்தோம். பவுண்டரி ஷாப்பில் படித்த பேட்டர்ன், மோல்ட் எல்லாம் பரீட்சைக்கு வெளியே உதவியது அன்றைக்குத்தான்!

ஆரம்பித்து வைத்தவன் நான். ஆனால் மூன்றாம் நாளிலிருந்து நான் ஒரு கோடுகூடப் போடவில்லை. பெவிகால் வாங்கப் போனேன். பழைய பேப்பருக்கு அலைந்தேன். யார் எவ்வளவு கொடுத்தான் என்று எழுதினேன். ராத்திரி வேலை செய்த பையன்களுக்கு டீ வாங்கி வந்தேன். அப்போது ஒரு நண்பன் கேட்டான்: "டேய், நீ ஆர்ட்டிஸ்ட்டா, இல்ல ஸ்டோர் கீப்பரா?"

அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மோல்ட் எடுக்கிற முறையைத் தேடும்போது அகப்பட்ட ஒரு மனிதரின் கதைதான் எனக்குப் பதில் சொல்லிக் கொடுத்தது. அவர் பெயர் ரோஜர் லா.

ரோஜர் லா 1941ல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் மாவட்டத்தைச் சேர்ந்த லிட்டில்போர்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தவர் என்றால் உடனே அந்தப் பெரிய பல்கலைக்கழகம் நினைவுக்கு வரும். அதுதான் இல்லை! அதே ஊரில் இருந்த கலைப் பள்ளியில்தான் அவர் படித்தார். அது அங்கிருந்த தொழில்நுட்பக் கல்லூரியோடு சேர்ந்த பள்ளி. ஊரில் அதற்கு 'டெக்' என்று பெயர். நம்ம பாலிடெக்னிக் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பீட்டர் ஃப்ளக் என்ற நண்பர் அவருக்குக் கிடைத்ததும் அங்கேதான்.

பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பீட்டர் குக் என்ற நகைச்சுவை மன்னரின் பழக்கமும் லாவுக்கு ஏற்பட்டது. 1961ல் குக் லண்டன் சோஹோவில் அரசியல் நையாண்டிக்கென்றே ஒரு கிளப் திறந்தபோது, அதன் சுவரில் கார்ட்டூன் வரைகிற வேலை லாவுக்கு. பிறகு பத்திரிகைகளில் பிரபலங்களின் முகங்களைக் கேலியாக வரைந்து பெயர் வாங்கினார்.

நம் பக்கத்தோடு அவருக்கு ஒரு சின்னத் தொடர்பும் உண்டு. 1967ல் வெளிவந்த ஜிமி ஹென்ட்ரிக்ஸின் 'ஆக்சிஸ்: போல்ட் ஆஸ் லவ்' இசைத்தட்டின் அட்டையைப் பாருங்கள். நம் வீட்டுச் சுவர்களில் காலண்டராகத் தொங்கும் விஷ்ணுவின் விஸ்வரூபப் படம், அதன் நடுவில் கிதார் கலைஞர் ஹென்ட்ரிக்ஸும் கூட்டாளிகளும்! அந்த அட்டையை வரைந்த கை ரோஜர் லாவுடையது.

எழுபதுகளின் நடுவில் லாவும் ஃப்ளக்கும் கூட்டுச் சேர்ந்தார்கள். இருவர் பெயரின் முதலெழுத்தை இடம் மாற்றி 'லக் அண்ட் ஃப்ளா' என்று கடைக்குப் பெயர் வைத்தார்கள். அதாவது, அதிர்ஷ்டமும் குறையும்! தாளில் கோடு போடுவதை விட்டுவிட்டுத் தலைவர்களின் முகத்தைப் பிளாஸ்டிசின் களிமண்ணில் பிடித்து, அதைப் போட்டோ எடுத்துப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார்கள். கேலிச்சித்திரத்துக்கு மூக்கு நிஜமாகவே வெளியே நீண்டது.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு முகத்தை உருவாக்க நாள் கணக்கில் உழைப்பு. எடுப்பது ஒரு போட்டோ. கிடைப்பது ஒரு கூலி. அதோடு அந்த உருவத்தின் ஆயுள் முடிந்தது. எஸ்டிமேஷன் அண்ட் காஸ்டிங் படித்த நமக்கு இது எங்கே போய் நிற்கும் என்று தெரியாதா? அந்தக் களிமண் அசைந்தால், பேசினால், வாராவாரம் திரும்பத் திரும்ப வேலை செய்தால்தான் கட்டுப்படியாகும்.

1981ல் மார்ட்டின் லாம்பி-நேர்ன் என்ற டிசைனர் இருவரையும் மதிய விருந்துக்கு அழைத்துப் பொம்மைகளை வைத்து அரசியல் நையாண்டி நிகழ்ச்சி செய்யலாமே என்றார். பின்னாளில் நிகழ்ச்சியின் பெயர்ப் பட்டியலில், அவரோடு சாப்பிட்ட ஒரிஜினல் மதியச் சாப்பாட்டை அடிப்படையாகக் கொண்டது என்றே போட்டார்கள்! ஆரம்பப் பணம் கொடுத்தவர்களில் ஒருவர் கிளைவ் சின்க்ளேர். ஆம், வீட்டுக்கு வீடு மலிவு விலைக் கம்ப்யூட்டர் கொடுத்த அதே சின்க்ளேர்தான். தயாரிப்புப் பொறுப்புக்கு ஜான் லாய்டு என்ற கேம்பிரிட்ஜ் பட்டதாரி வந்தார். 1984 பிப்ரவரி 26 அன்று ஐ.டி.வி.யில் 'ஸ்பிட்டிங் இமேஜ்' முதன்முதலாக ஒளிபரப்பானது.

நம் ஆட்கள் கூர்ந்து கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. லண்டன் துறைமுகப் பகுதியில், பின்னாளில் வானளாவிய கட்டடங்கள் எழுந்த கேனரி வார்ஃபில், அப்போது பாழடைந்து கிடந்த கிடங்கு ஒன்றில் பட்டறை. முதலில் ஓவியம். அதைப் பார்த்துக் களிமண் தலை. அதற்கு மோல்ட். மோல்டுக்குள் ரப்பர் பால் நுரை. அப்படியே அடுப்பில் வைத்து வேக வைப்பது. வெளியே வந்த தோலுக்கு வர்ணம், முடி, உடுப்பு. உள்ளே கண்ணை உருட்டக் கேபிள் இணைப்பு. ஒரு பொம்மைக்கு ஒரு ஆள் போதாது. ஒருவர் தலையையும் ஒரு கையையும் ஆட்டுவார், இன்னொருவர் மற்றக் கையைக் கொடுப்பார், கண்ணுக்குத் தனி ஆள் கேபிளை இழுப்பார். பொம்மைகள் லண்டனிலிருந்து பர்மிங்காமுக்கு வண்டியில் போகும்; அங்கேதான் படப்பிடிப்பு. செய்தி சூடு ஆறுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒளிபரப்பு. பேட்டர்ன் ஷாப், பவுண்டரி, ஃபிட்டிங், அசெம்ப்ளி, டெஸ்பாட்ச் எல்லாம் இதில் இருக்கிறதா இல்லையா? சொல்லுங்கள்!

ஆரம்பத்தில் நிகழ்ச்சி தடுமாறத்தான் செய்தது. பொம்மை பிரமாதம், ஆனால் பேச்சில் உப்பு இல்லை. எழுத்தாளர்கள் மாறிய பிறகு சூடு பிடித்தது. உச்ச காலத்தில் ஒன்றரைக் கோடிப் பேர் பார்த்தார்கள். பிரதமர் மார்கரெட் தாட்சர் ஆண்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். கூட்டணித் தலைவர் இருவரில் டேவிட் ஸ்டீலின் பொம்மை, டேவிட் ஓவனின் சட்டைப் பைக்குள் உட்காருகிற அளவுக்குச் சின்னதாக இருந்தது. அது தன் பெயரைக் கெடுத்தது என்று ஸ்டீலே பிற்காலத்தில் வருத்தப்பட்டார். 1986ல் ஜெனிசிஸ் இசைக்குழுவின் 'லேண்ட் ஆஃப் கன்ஃப்யூஷன்' பாடலின் படத்திலும் இந்தப் பட்டறைப் பொம்மைகளே நடித்தன. அதற்கு கிராமி விருது கிடைத்தது.

இதில் லாவுக்கு நஷ்டமே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. அதை மறைத்தால் இந்தக் கட்டுரை விளம்பரம் ஆகிவிடும்.

முதல் நஷ்டம், கை. பொம்மைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. இளம் ஓவியர்கள் பலர் வந்து வரைந்தார்கள். லா பட்டறைக்கு முதலாளி; சம்பளம், வாடகை, கெடு, சண்டை என்று ஓட வேண்டியவர். கோடு போடப் பிறந்தவர் கையில் பில் புக்! எனக்கு மூன்று நாள் நடந்தது அவருக்குப் பன்னிரண்டு வருஷம் நடந்தது. கூட இருந்த ஃப்ளக் ஒரு கட்டத்தில் விலகிக் கார்ன்வால் கடற்கரைக்குப் போய்த் தனியாகச் சிற்ப வேலையில் இறங்கிவிட்டார்.

இரண்டாவது நஷ்டம், முள். கேலிச்சித்திரம் என்றால் கேலி செய்யப்பட்டவனுக்குக் குத்த வேண்டும். ஆனால் பொம்மை பிரபலமாக ஆக, அதில் இடம்பிடிப்பதே அரசியல்வாதிக்கு ஒரு கௌரவம் என்றாகிவிட்டது. தாட்சர் 1987 தேர்தலில் மறுபடியும் ஜெயித்தார். 1990ல் அவரை இறக்கியது சொந்தக் கட்சிக்காரர்களே தவிர, ரப்பர் பொம்மை அல்ல. எங்கள் விழாவிலும் இதுதான் நடந்தது. இன்ஸ்ட்ரக்டர் சார் கோபப்படுவார் என்று பயந்துகொண்டிருந்தோம். அவரோ தன் தலையைத் தானே மாட்டிக்கொண்டு, "நல்லாத்தான்டா இருக்கு, ஒரு போட்டோ எடு" என்றார்! சந்தோஷம்தான். ஆனால் உள்ளுக்குள் ஒரு சின்ன ஏமாற்றம். முள் மழுங்கிவிட்டதே!

இவ்வளவு நஷ்டம் இருந்தும் லா செய்தது சரிதான் என்பதே என் கருத்து. ஏன்?

அவர் பட்டறை போடாமல் இருந்திருந்தால் அந்த முகங்கள் பழைய பத்திரிகைகளுக்குள் மடிந்து கிடந்திருக்கும். பட்டறை போட்டதால் ஒன்றரைக் கோடிப் பேர் வீட்டுக்குள் போயின. எத்தனையோ இளைஞர்களுக்குத் தொழில் கிடைத்தது. கடல் தாண்டியும் இதே மாதிரி நிகழ்ச்சிகள் வந்தன. ரஷ்யாவில் 1994ல் தொடங்கிய 'குக்ளி' பொம்மை நிகழ்ச்சி மீது 1995ல் அரசு வழக்கே போட்டது. முள் மழுங்கிவிட்டது என்று சொன்னேனே, எல்லா ஊரிலும் அல்ல! கென்யாவில் 2009ல் 'எக்ஸ்.ஒய்.இசட். ஷோ' என்ற பொம்மை நிகழ்ச்சியை ஆரம்பித்தவர் காடோ என்ற பத்திரிகைக் கார்ட்டூனிஸ்ட். அவர் கட்டடக்கலைப் படிப்பை விட்டுவிட்டு வரைய வந்தவர். கோடு போட்டவர் ரோடு போட்ட கதை அங்கேயும்!

இன்னொரு காரணமும் உண்டு. லா தன் கையை விற்றுவிடவில்லை, அடகு வைத்தார், பிறகு மீட்டுக்கொண்டார். 1996ல் நிகழ்ச்சி முடிந்தது. அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். அங்குள்ள செடி, கொடி, கடல் பிராணிகளை மறுபடி வரைய ஆரம்பித்தார். பீங்கானுக்குப் பேர்போன சீனாவின் ஜிங்டெஜென் ஊருக்குப் போய், அங்குள்ள கைவினைஞர்களோடு சேர்ந்து பெரிய பெரிய ஜாடிகள் செய்தார். மறுபடியும் களிமண், மறுபடியும் அடுப்பு. 2020ல் நிகழ்ச்சி பிரிட்பாக்ஸ் தளத்தில் மறுபிறவி எடுத்தபோது, 79 வயதில் தயாரிப்பாளர் பொறுப்பில் வந்து நின்றார்.

எனக்கு மிகவும் பிடித்த செய்தியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். 2018ல் அவருடைய ஓவியங்கள், நிகழ்ச்சி எழுத்துப் பிரதிகள், தாட்சர் பொம்மை உட்பட எல்லாம் ஒரு நூலகத்துக்குப் போயின. எந்த நூலகம் தெரியுமா? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகம்! பக்கத்துத் தெரு 'டெக்'கில் படித்த பையனின் ரப்பர் பொம்மை, நியூட்டனின் கையெழுத்துப் பிரதிகள் இருக்கிற அதே கட்டடத்துக்குள் நுழைந்தது.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் "டிப்ளமோதானே" என்ற சொல்லைக் கேட்காத ஆள் நம்மில் யார்? கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறோம். லேட்டரல் என்ட்ரியில் சேர்ந்த சீனியர், பி.இ. வகுப்பில் கேட்டதாகச் சொன்னார். ஒரகடம், ஓசூர் என்று ட்ரெய்னியாகப் போன அண்ணன்மார்களும் கேட்டிருக்கிறார்கள். நாமும் தலையைக் குனிந்துகொண்டு, நமக்குச் சொன்னதைச் செய்கிற வேலைதான் என்று நம்பத் தொடங்கிவிடுகிறோம். யோசனை மேலே இருக்கிறவனுக்கு, கை நமக்கு என்று பாகம் பிரித்துக்கொள்கிறோம்.

நண்பா, அந்தப் பாகப்பிரிவினையில் கையெழுத்துப் போடாதே! உனக்கு வரையத் தெரியுமா? பாட்டு எழுதத் தெரியுமா? அதை ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தோடு நிறுத்தாதே. உன் ஃபிட்டிங் ஷாப்பையும் அதையும் சேர்த்து என்ன செய்யலாம் என்று பார். செலவைக் கணக்குப் போடு. பத்துப் பேரைச் சேர். நாள் குறித்து முடி. தயாரிப்பாளர் என்றால் அவ்வளவுதான். ஆனால் சேர்ந்தவர்கள் பெருகப் பெருக, உன் கை வேலையிலிருந்து நழுவும். அதை மட்டும் கவனித்துக்கொள்.

இந்த வருஷமும் தலை செய்யப் போகிறோம். எட்டுத் தலை. பில் எழுதவும் டீ வாங்கவும் முறை வைத்து ஆள் போட்டாயிற்று. என் முறை செவ்வாயும் வெள்ளியும். மற்ற நாளெல்லாம் என்னைக் களிமண் பக்கத்தில்தான் தேட வேண்டும்.

போன வருஷம் கேள்வி கேட்டவனுக்கு இப்போது பதில் இருக்கிறது. நான் ரெண்டும்தான்டா! நம்ம ஊர் ஆசாரியைப் பார்த்திருக்கிறாயா? சாமான் வாங்குகிறவரும் அவரே, கூலி பேசுகிறவரும் அவரே. ஆனால் எந்த வேலையில் இருந்தாலும் பென்சில் மட்டும் காதிலேயே இருக்கும்.