மத்தங்காய் ஒன்று, பாடம் மூன்று!

எல்கேஜி ஒர்க்‌ஷீட்டில் பூசணிக்கு ஆரஞ்சு வண்ணம் அடிக்கும் குழந்தை, நிஜக் காயைத் தொட்டுப் பார்த்திருக்குமா?

நாகர்கோவில் வடசேரி சந்தையில் ஒரு மத்தங்காய் வாங்குங்கள். தண்ணீரில் போட்டால் மூழ்குமா, மிதக்குமா? அவ்வளவு கனமான காய் மிதக்கும். நடுவில் பொள்ளல், அதான் காரணம். இது அறிவியல். பெரியவர்கள் வெட்டித்தர, குழந்தை விதைகளைப் பத்துப் பத்தாக அடுக்கட்டும், இது கணக்கு. நாலு விதையை ஊன்றினால் ஒரு வாரம், பத்து நாளில் முளைக்கும்; பொறுமையும் பாடம்தான். மிச்சக் காய் எரிசேரிக்கு! மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை விதையை வாயில் போடாமல் பார்த்துக்கணும்.

அரசுப் பள்ளிகளில் 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஒன்றாம் வகுப்புக்கே செயல்பாடுகள் வழியாகக் கற்பிக்கச் சொல்கிறது. அதற்கும் சின்னப் பிள்ளைகள் கையில் பென்சிலைத் திணிக்க என்ன அவசரம்? பள்ளியிடம் ‘எத்தனை பக்கம் எழுதினான்?’ என்று கேட்பதை நிறுத்தி, ‘இன்னைக்கு எதைத் தொட்டுப் பார்த்தான்?’ என்று பெற்றோர் கேட்கட்டும்.