எட்டாத மாடியில் ஒரு வீடு

சென்னையில் கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பல, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. அங்கே தரைத்தளத்துக்கு மேல் ஏழு மாடிகள். ஏறி இறங்க லிஃப்ட். குடிசையில் கிடந்தவர்களுக்குக் கான்கிரீட் கூரை கிடைத்தது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் லிஃப்ட் நின்றுபோனால் ஆறாம் மாடியில் இருக்கும் சக்கர நாற்காலிக்காரர் என்ன செய்வார்? பக்கவாதம் வந்த பாட்டியை டயாலிசிஸுக்கு யார் தூக்கி இறக்குவார்கள்? இதை வெறும் 'பராமரிப்புக் குறை' என்று கோப்பில் எழுதி மூடுவது அநியாயம். ஒரு மனிதரை வீட்டுக்குள் அடைத்துவைப்பதற்குப் பெயர் வேறு.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அரசு வீட்டு ஒதுக்கீட்டில் அவர்களுக்கு 5 சதவீதம் தரச் சொல்கிறது. எந்தத் தளத்தில் என்று அந்த 5 சதவீதம் கேட்பதில்லை. சரி, தரைத்தளம் கொடுத்துவிட்டால் தீர்ந்ததா? இதேபோல் குடும்பங்கள் மறுகுடியமர்த்தப்பட்ட, பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய செம்மஞ்சேரியில் மழை வலுத்தால் தண்ணீர் முதலில் புகுவது தரைத்தள வீடுகளில்தான். ஓடி ஏற முடியாதவரை அங்கே குடிவைப்பதற்கு முன் வடிகாலையும் பார்த்திருக்க வேண்டாமா?

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. ஒதுக்கீட்டு நாளில் 52 வயதில் திடமாக ஐந்தாம் மாடி ஏறியவருக்கு இன்று 60 தாண்டிவிட்டது. முழங்கால் தேய்ந்தது, சர்க்கரையில் கால் விரல் போனது; வீடு மட்டும் அதே மாடியில் இருக்கிறது. சாவி கொடுத்த அன்றே பொறுப்பு முடிந்தது என்று இந்த வீடுகளை ஒதுக்கிய மாநில வாரியம் நினைப்பதுதான் நாம் கண்டிக்கும் குற்றம். பராமரிப்புக் கட்டணம் மாதந்தோறும் வசூலாகும்போது, குடியிருப்பவரின் உடல்நிலையை மட்டும் ஒரே ஒரு நாள் பார்த்தால் போதுமா?

மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டு மூன்று மாத அவகாசம் கொடுத்தது. மாநில வாரியம் தன் கட்டடங்களைச் சீர்செய்ய டெல்லியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று 2021இல் பெயரை மாற்றிக்கொண்ட அமைப்புக்கு, ஒதுக்கீட்டு ஆணையில் ஒரு வரி சேர்ப்பது கடினமல்ல: முதுமையாலோ ஊனத்தாலோ படியேற முடியாமல் போனவர், தாழ்ந்த தளத்தில் வீடு மாற்றிக் கேட்டால் தரவேண்டும். காலியாகும் தரைத்தள வீடு முதலில் அவருக்கே. அதுவரை லிஃப்ட் நின்றால் எத்தனை மணி நேரத்தில் ஓடவேண்டும் என்றும், தவறினால் எந்த அதிகாரி பதில் சொல்வார் என்றும் ஒவ்வொரு பிளாக்கின் வாசலிலும் எழுதி ஒட்டட்டும்.