குகை இருளும் மூன்று படங்களும்

அஜந்தாவில் குகை வாயிலையும் ஓவியச் சுவரையும் ஒரே சட்டகத்தில் அடக்கினால், ஒன்று ஓவியம் கருத்துவிடும், அல்லது வாயில் வெளிறிவிடும். எச்டிஆர் கற்கும் மாணவருக்கு இதைவிட நல்ல பாடம் அரிது. துளையளவை மாற்றாமல், ஒளிபடும் நேரத்தை மட்டும் மாற்றி மூன்று படங்கள் எடுத்து, பின்னர் இணைக்க வேண்டும். கை நடுங்கினால் மூன்றும் பொருந்தா. முக்காலிக்குத் தொல்லியல் துறையின் அனுமதி தேவை.

1997இல் பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் (இவர் கான்பூர் ஐஐடியில் பயின்றவர்) வகுத்த முறையின் நோக்கம், காட்சியின் உண்மையான ஒளியளவை மீட்பது. இன்றைய பயிற்சிகளோ, இணைத்தபின் நிறத்தைக் கொழிக்கச் செய்வதையே கற்பிக்கின்றன. சுற்றுலா விளம்பரத்துக்கு அது தகும். ஆய்வேட்டில் அவ்வாறு திருத்திய படத்தின் செங்காவியை வைத்து வாதிடுபவர், மென்பொருளின் விருப்பத்தையே சான்றாகக் காட்டுகிறார். இணைத்த படத்துடன் மூலப்படங்கள் மூன்றையும், ஒளிநேரக் குறிப்போடு ஒப்படைப்பதைப் பல்கலைக்கழகங்கள் கட்டாயமாக்க வேண்டும்.